டிஃபிப்ரிலேஷன் ஆற்றல் வரம்பு

உடலில் பொருத்திய டிஃபிப்ரிலேட்டர், இதயக் கீழறை நடுக்கத்தை நிறுத்தி இயல்பான துடிப்பை மீட்கத் தேவைப்படும் மிகக் குறைந்த மின்னாற்றல். ஜூல் அலகில் குறிக்கப்படும். வரம்பு என்று வழங்கினாலும் இது கறாரான எல்லைக்கோடு அன்று. ஒரே நோயாளியிடம் ஒரே அளவு அதிர்ச்சி ஒருமுறை பலித்து மறுமுறை தவறலாம். ஆற்றல் கூடக்கூட வெற்றி வாய்ப்பு S வடிவ வளைகோட்டில் உயரும்.

சாதனத்தின் மின்தேக்கியில் சேரும் ஆற்றல் ½CV². 125 மைக்ரோஃபாரட் மின்தேக்கியை 750 வோல்ட்டுக்கு ஏற்றினால் ஏறத்தாழ 35 ஜூல் கிடைக்கும்.

இவ்வரம்பை அறியும் சோதனையின்போது நோயாளியை மயக்கநிலையில் வைத்து, இதய மின்வரைவின் T அலை மீது சிறு அதிர்ச்சி கொடுத்தோ 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் செலுத்தியோ நடுக்கம் தூண்டப்படும். சாதனம் அதைத் தானே கண்டறிந்து அதிர்ச்சி தர வேண்டும். தவறினால் உதவ வெளிப்புற டிஃபிப்ரிலேட்டர் தயாராக இருக்கும். சாதனத்தின் உச்ச ஆற்றலைவிடக் குறைந்தது 10 ஜூல் குறைவான அதிர்ச்சி பலிப்பதே வழக்கமான பாதுகாப்பு இடைவெளி. அமியோடரோன் மருந்து வரம்பை உயர்த்தும், சோடலால் தாழ்த்தும். மின்முனையின் இடமும் அதிர்ச்சி அலையின் வடிவமும் முக்கியம்: இருகட்ட அலைக்கு ஒருகட்ட அலையைவிடக் குறைந்த ஆற்றலே போதும்.

மிஷெல் மிரோவ்ஸ்கி குழுவினரின் சாதனம் 1980 பிப்ரவரியில் பால்டிமோர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தப்பட்டது. அதன்பின் பல்லாண்டுகள் கட்டாயமாயிருந்த இச்சோதனை, நாளம்வழிச் சாதனங்களில் உயிர்காப்பு விளைவை மேம்படுத்துவதில்லை என்று 2015இல் வெளியான சிம்பிள் ஆய்வு காட்டியது. தோலடிச் சாதனங்கள் 80 ஜூல் வரை தருபவை. அவற்றுக்கு 65 ஜூலில் சோதிப்பது வழக்கம்.