கனிவும் சிகிச்சையே

டெங்கிலை அடுத்துள்ள புத்ராஜெயா, முன்னாளில் பிராங் புசார் முதலிய ரப்பர்த் தோட்டங்கள் இருந்த நிலம். நகரம் எழுந்தபோது அத்தோட்டங்களின் தமிழ்க் குடும்பங்கள் பல டெங்கிலில் குடியமர்த்தப்பட்டன. புத்ராஜெயாவில் 2013 முதல் தேசியப் புற்றுநோய் மருத்துவமனை இயங்கி வருகிறது. அங்கே சென்று மீள்வோர் மருந்தின் பெயரை மறந்தாலும், அன்புடன் பேசிய தாதியை மறப்பதில்லை. இக்கனிவு வெறும் உபசாரந்தானா என்பதை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்தல் நன்று.

ஒரு காலத்தில் புற்றுநோய் என்றாலே சாவு என்று மக்கள் நம்பினர். தொற்றிவிடும் என்று அஞ்சி, நோயாளியின் தட்டைத் தனியே வைத்தவரும் உண்டு. அந்நாளில் சென்னையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையை இந்நோய்க்குப் பறிகொடுத்தார். 1912இல் மருத்துவப் பட்டம் பெற்ற அவராலும் உடன்பிறந்தாளைக் காக்க இயலவில்லை. புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்ற எண்ணம் அத்துயரில் பிறந்தது. 1935இல் அதனை அவர் பொதுமேடையில் வலியுறுத்தினார். 1952இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்ட, 1954 ஜூன் 18இல் அடையாற்றில் 12 படுக்கைகளுடன் அம்மருத்துவமனை தொடங்கியது. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதனை வளர்த்தனர். பணமில்லை என்பதற்காக எவரையும் திருப்பி அனுப்பலாகாது என்பதே அவர்கள் கொண்ட நெறி.

இந்நெறிக்கு மருத்துவக் காரணமும் உண்டு. கதிர்வீச்சுச் சிகிச்சை பெரும்பாலும் ஒரே நாளில் முடிவதன்று. நல்ல உயிரணுக்கள் தேறுவதற்கு இடைவெளி விட்டு, சிறு சிறு அளவாக, வாரக்கணக்கில் அளிக்கப்படுவது. வாயில் புண் உண்டாகும், சோறு இறங்காது, கூலியும் தடைப்படும். மனம் வெறுத்து நோயாளி நடுவில் நின்றுவிட்டால், எஞ்சிய நோயணுக்கள் மீண்டும் தழைக்கலாம். மறுநாளும் அவரை வரச் செய்வது எது? கதிர் அறையின் கதவு மூடுமுன், 'அஞ்ச வேண்டாம், நாங்கள் வெளியிலிருந்து பார்த்துக்கொண்டேயிருப்போம்' என்று பணியாளர் கூறும் ஒரு சொல் போதும். கடுஞ்சொல் ஒன்று அவரை வீட்டோடு நிறுத்திவிடவும் கூடும்.

நோய் தீராத நிலையிலும் பரிவுக்கு வேலை உண்டு. தாதியாகப் பணி தொடங்கிப் பின்னர் மருத்துவரான சிசிலி சாண்டர்ஸ் அம்மையார், 1967இல் லண்டனில் இறுதிக்காலப் பராமரிப்பு இல்லம் ஒன்றைத் திறந்தார். உடல் நோவோடு மனக்கவலை, குடும்பக்கவலை, பணக்கவலை ஆகியவற்றையும் சேர்த்தே வலி என்று கொள்ளல் வேண்டும் என்பது அவர் கண்ட உண்மை. கோலாலம்பூரில் 1991இல் தோன்றிய ஹோஸ்பிஸ் மலேசியா அவ்வழியில், கிள்ளான் பள்ளத்தாக்கில் நோயாளிகளின் வீடுகளுக்கே தாதியரை அனுப்பி வருகிறது.

12 படுக்கைகளோடு தொடங்கிய அடையாறு மருத்துவமனையின் வளாகத்திலேயே வாழ்ந்த டாக்டர் சாந்தா 2021இல் மறைந்தார். கருவிகள் காலந்தோறும் மாறுகின்றன. ஆனால், அவற்றின் பயனை நோயாளி முழுமையாகப் பெறுவதற்கு, அவரை அன்புடன் நடத்தும் பணியாளர் என்றும் வேண்டும்.