கந்தரோடை ஆற்றை இடம்?

சிகிரியா, அனுராதபுரம், கண்டி எல்லாம் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் பார்த்த யாழ்ப்பாணப் பிள்ளைகளில் எத்தனை பேர் சுன்னாகத்துக்குப் பக்கத்தில் இருக்கிற கந்தரோடைக்குப் போயிருப்பீங்கள்? கேட்டால் பெரும்பாலும் வருகிற பதில்: "அது அவையின்ர இடமல்லோ."

இந்தப் பதிலைப் பற்றித்தான் கதைக்க வேணும்.

பனைகள் சூழ்ந்த ஒரு வெளி. அதில் முருகைக்கல்லால் ஆன சின்னச் சின்னத் தூபிகள், கவிழ்த்து வைத்த கிண்ணங்கள் மாதிரி நெருக்கமாக நிற்கும். அனுராதபுரத்தின் மலை போன்ற தாதுகோபங்களைப் பார்த்த கண்ணுக்கு இது வேறொரு உலகம். சிறியவை ஆளுயரம்கூட வராது. ஆனால் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேணும்: இவற்றில் பல, எஞ்சியிருந்த அடித்தளங்களின் மேல் பிற்காலத்தில் தொல்லியல் திணைக்களம் மீளக் கட்டினவை.

இவ்விடத்தை முதலில் விரிவாக ஆராய்ந்தவர் போல் ஈ. பீரிஸ். அவருடைய கட்டுரைகள் 1917இலும் 1919இலும் வெளிவந்தன. 1970இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக அருங்காட்சியகக் குழு தோண்டியபோது கறுப்பு-சிவப்பு மட்பாண்டங்கள் கிடைத்தன. தென்னிந்தியப் பெருங்கற்காலப் பண்பாட்டோடு சேர்த்துப் பேசப்படுகிற வகை அது. பிறகு 1980இல், அதிக தூரமில்லாத ஆனைக்கோட்டையில், ஈமப் புதைகுழி ஒன்றில் எலும்புக்கூட்டோடு ஒரு முத்திரை வந்தது. மேலே குறியீடுகள், கீழே பிராமி எழுத்துகள். ஆக, தூபிகளைக் கட்டின ஆட்கள் வெறுங்காட்டுக்குள் வந்து இறங்கினவையில்லை. இங்க ஏற்கனவே ஊர் இருந்திருக்கு.

பௌத்தம் என்றால் சிங்களம் என்ற கணக்கை அரசு மட்டும் போடவில்லை, நாங்களும் அதே கணக்கைத்தான் போடுகிறம். மணிமேகலை தமிழில் எழுதப்பட்ட பௌத்த காப்பியம் என்று பரீட்சைக்கு எழுதிப் புள்ளி எடுக்கிற நாங்கள், கந்தரோடைக்கு வந்ததும் அதை மறந்துபோகிறம். தூபியைப் பார்த்து அதைக் கும்பிட்டவன் வீட்டில் என்ன மொழி கதைத்தான் என்று சொல்லேலாது.

பயம் இல்லாமல் இல்லை. குருந்தூர்மலையில் தொல்லியலின் பெயரால் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு அது நல்லா விளங்கும். ஆனால் பயத்தில் ஒதுங்கினால், அந்த இடத்துக்கு ஒரேயொரு கதைதான் மிஞ்சும். அதையும் வேறு ஆராவதுதான் எழுதுவினம்.

போறதென்டால் முதலில் நாவலர் வீதியில் இருக்கிற அருங்காட்சியகத்துக்குப் போங்கோ. வாசலில் துருப்பிடித்த பீரங்கிகள், திமிங்கில எலும்புகள். (எலும்புகளுக்கு முன்னால் நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிட வேண்டாம்.) உள்ளே கந்தரோடையில் கிடைத்த புத்தர் சிலைகளின் உடற்பாகங்கள் இருக்கு. அவற்றுக்கு முன்னால் கொஞ்சநேரம் நில்லுங்கோ. எங்கே எடுத்தது, எந்தக் காலம், எப்படித் தெரியும் என்று விவரப்பலகை சொல்லாவிட்டால் அங்க நிற்கிற உத்தியோகத்தரைக் கேளுங்கோ. கொப்பியில் குறித்துக்கொண்டு, வெயில் தணிய, சைக்கிளைக் கந்தரோடைக்கு விடுங்கோ.