ஒரே ஆஸ்பத்திரி, இரண்டு பில்

அமெரிக்காவில் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தால் வீட்டுக்கு ஒரு பில் வராது. மூன்று, நான்கு வரும். கட்டில், நர்ஸ், ஆபரேஷன் தியேட்டர் எல்லாம் ஆஸ்பத்திரி பில்லில். அறுவை செய்த டாக்டருக்குத் தனி பில். மயக்க மருந்து கொடுத்தவருக்குத் தனி. வெட்டி எடுத்த சதைத் துணுக்கை மைக்ராஸ்கோப்பில் பார்த்தவரின் முகத்தைக்கூட நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், அவருக்கும் தனி.

நியூ ஜெர்சியில் இருக்கும் நண்பர் ஒருவர் 2017 வாக்கில் இதில் மாட்டினார். அவருடைய இன்சூரன்ஸை ஏற்கும் ஆஸ்பத்திரியா என்று போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் போனார். ஏற்கும் ஆஸ்பத்திரிதான். ஆனால் மயக்க மருந்து டாக்டர் மட்டும் அந்த இன்சூரன்ஸோடு ஒப்பந்தம் இல்லாதவர். "ஆஸ்பத்திரிக்குள்ள நிக்கிற ஆளு ஆஸ்பத்திரி ஆளு இல்லையாம்ப்பா" என்றார். அந்த ஒரு வாக்கியம்தான் என்னைப் பழைய புத்தகங்கள் பக்கம் தள்ளியது. எப்படி ஒருவர் ஆஸ்பத்திரிக்குள் நின்றுகொண்டு ஆஸ்பத்திரிக்கு வெளியே இருக்க முடியும்?

இதை 'சர்ப்ரைஸ் பில்' என்கிறார்கள். பேரைக் கேட்டால் ஏதோ தற்செயலாக நடக்கும் குளறுபடி மாதிரி தோன்றும். வரலாற்றைப் பார்த்தால் அப்படி இல்லை. அந்த இரண்டு பில்களைப் பிரித்து வைக்க எண்பது, தொண்ணூறு வருடங்களுக்கு முன்பே பெரிய சண்டை நடந்திருக்கிறது. பிரிக்க வேண்டும் என்றவர்கள் ஜெயித்திருக்கிறார்கள்.

டெக்சாஸ் மாநிலம் டல்லஸ் நகரில், 1929-ல் ஆரம்பிக்கிறது கதை. பேய்லர் ஆஸ்பத்திரியில் வசூலாகாத பாக்கிகள் குவிந்துகிடந்தன. அதைக் கவனிக்க வந்த ஜஸ்டின் ஃபோர்ட் கிம்பல், அதற்கு முன் அந்த ஊர்ப் பள்ளிகளுக்கெல்லாம் கண்காணிப்பாளராக இருந்தவர். பாக்கிக் கணக்கைப் புரட்டியபோது தெரிந்த பெயர்கள் நிறைய இருந்தன, எல்லாம் வாத்தியார்கள். மாதம் 50 சென்ட் கட்டுங்கள், வருடத்துக்கு 21 நாள் ஆஸ்பத்திரி செலவு எங்களுடையது என்றார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் சேர்ந்தார்கள். கிட்டத்தட்ட நம்ம ஊர் சீட்டு மாதிரிதான். பின்னாளில் 'ப்ளூ கிராஸ்' என்று நாடு முழுக்கப் பரவிய இன்சூரன்ஸின் விதை இது.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த 50 சென்ட் வாங்கித் தந்தது ஆஸ்பத்திரியை மட்டும்தான். டாக்டர் ஃபீஸ் அதில் கிடையாது.

ஏன் இல்லை? டாக்டர்கள் விடவில்லை. அமெரிக்க மருத்துவர் சங்கம், அதாவது ஏ.எம்.ஏ., அன்றைக்கு மிகவும் பலம் வாய்ந்த அமைப்பு. டாக்டருக்கும் நோயாளிக்கும் நடுவில் மூன்றாவது ஆள் வரக்கூடாது, ஃபீஸ் என்ன என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும் என்பது அவர்களுடைய பிடிவாதம். 1932-ல் மருத்துவச் செலவுகளை ஆராய்ந்த ஒரு குழு, டாக்டர்கள் குழுவாகச் சேர்ந்து வேலை செய்யலாம், மக்கள் முன்கூட்டியே பணம் கட்டலாம் என்று மிகச் சாதுவான ஒரு பரிந்துரை கொடுத்தது. அதற்கே ஏ.எம்.ஏ. பத்திரிகையின் ஆசிரியர் மாரிஸ் ஃபிஷ்பைன் புரட்சிக்குத் தூண்டுகிறார்கள் என்கிற அளவுக்கு எழுதினார். ஆஸ்பத்திரிகளுக்கோ டாக்டர்களைப் பகைத்துக்கொண்டு பிழைக்க முடியாது, நோயாளியைக் கூட்டி வருவதே அவர்கள்தானே. அதனால் 1933-ல் ஆஸ்பத்திரிகளின் சங்கமே ஒரு கோடு போட்டது: இந்தத் திட்டங்கள் ஆஸ்பத்திரிக் கட்டணத்தோடு நிற்கட்டும், டாக்டர் ஃபீஸைத் தொட வேண்டாம். டாக்டர்கள் தங்களுக்கென்று தனியாக 'ப்ளூ ஷீல்ட்' திட்டங்களை ஆரம்பித்தது 1939-க்குப் பிறகுதான். ஆஸ்பத்திரிக்கு ஒரு இன்சூரன்ஸ், டாக்டருக்கு இன்னொன்று. ஒரு நோய்க்கு!

இரண்டாம் உலகப் போர் சமயத்தில் சம்பள உயர்வுக்கு அரசு கடிவாளம் போட, கம்பெனிகள் சம்பளத்துக்குப் பதிலாக இன்சூரன்ஸ் கொடுத்து ஆட்களைப் பிடித்தன. பிறகு வரிச் சலுகையும் கிடைத்தது. வேலையோடு இன்சூரன்ஸ் என்கிற அமெரிக்க வழக்கம் அப்படி வந்தது. அதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், இங்கே விட்டுவிடுகிறேன்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது 1965-ம் வருடம்தான். 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான அரசு இன்சூரன்ஸ், மெடிகேர், அந்த வருடம் வந்தது. அதிலும் பழைய கோடு அப்படியே இருந்தது: பகுதி 'ஏ' ஆஸ்பத்திரிக்கு, பகுதி 'பி' டாக்டருக்கு. சட்டம் எழுதும்போது ஒரு சிக்கல் வந்தது. எக்ஸ்-ரே பார்க்கும் ரேடியாலஜிஸ்ட், மயக்க மருந்து டாக்டர், பரிசோதனைக் கூடத்து பேத்தாலஜிஸ்ட், இவர்களை எந்தப் பகுதியில் போடுவது? இவர்கள் டாக்டர்கள்தான். ஆனால் நோயாளி இவர்களைத் தேடிப் போவதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் இவர்களும் கூடவே வருகிறார்கள். அன்றைக்கு இவர்களில் பலர் ஆஸ்பத்திரியில் சம்பளத்துக்கோ, வருமானத்தில் இத்தனை சதவீதம் என்ற ஒப்பந்தத்திலோ இருந்தவர்கள். அவர்களுடைய வேலைக்கான காசு ஆஸ்பத்திரி பில்லிலேயே அடங்கிவிடும்.

இலினாய் செனட்டர் பால் டக்ளஸ், இவர்களை ஆஸ்பத்திரிப் பகுதியிலேயே வையுங்கள் என்று திருத்தம் கொண்டுவந்தார். ஜான்சன் அரசுக்கும் அதுதான் விருப்பம். ஆஸ்பத்திரிகளும் ஆதரித்தன. செனட்டில் நிறைவேறியும் விட்டது. ஏ.எம்.ஏ. விடுமா? நாங்கள் ஆஸ்பத்திரிக்கு வேலைக்காரர்கள் இல்லை என்பதுதான் அவர்களுடைய வாதத்தின் சாரம். இரு சபைகளின் கூட்டுக் குழுவில் வில்பர் மில்ஸின் கை ஓங்க, அந்தத் திருத்தம் கழன்று விழுந்தது. ஜூலை 30-ல் ஜான்சன் கையெழுத்துப் போட்டபோது இந்த மூவரும் பகுதி 'பி'யில், தனி பில் போடுகிறவர்களாக இருந்தார்கள். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி ஒப்பந்தங்களிலிருந்து அவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து தனியாக பில் போட ஆரம்பித்தார்கள்.

ஐம்பது வருடம் கழித்து சர்ப்ரைஸ் பில் அனுப்புகிறவர்கள் யார் என்று பட்டியல் போட்டால் முதலில் நிற்பவர்கள்: மயக்க மருந்து, ரேடியாலஜி, பேத்தாலஜி. கூடவே எமர்ஜென்சி டாக்டர்கள். 1965-ல் இது ஏதோ கணக்குப்பிள்ளை தகராறு மாதிரி தெரிந்திருக்கும். யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

அப்போது ஏன் இது வெடிக்கவில்லை? 'நெட்வொர்க்' என்று ஒன்று இல்லாததால். எந்த டாக்டரிடம் போனாலும் இன்சூரன்ஸ் வழக்கமான ரேட்டில் ஒரு தொகை கொடுக்கும், மிச்சம் இருந்தால் கொஞ்சம் கையிலிருந்து போகும். 1982-ல் கலிஃபோர்னியா, இன்சூரன்ஸ் கம்பெனிகள் தங்களுக்குப் பிடித்த ஆஸ்பத்திரியோடும் டாக்டரோடும் மட்டும் ஒப்பந்தம் போடலாம் என்று சட்டம் செய்தது. மற்ற மாநிலங்களும் அந்தப் பாதையில் போயின. குறைந்த ரேட்டுக்குச் சம்மதித்தவர் உள்ளே, மற்றவர் வெளியே. இங்கேதான் பழைய கோடு பிளவாக மாறியது. ஆஸ்பத்திரி தனியாகக் கையெழுத்துப் போடுகிறது, உள்ளே வேலை செய்யும் டாக்டர் குழு தனியாகப் போடுகிறது, அல்லது போடாமல் இருக்கிறது. போடாவிட்டால் டாக்டர் 4,000 டாலர் என்று எழுதலாம். இன்சூரன்ஸ் எங்கள் கணக்குப்படி 700 என்று சொல்லலாம். நடுவில் இருக்கும் 3,300 நோயாளி தலையில். (தொகை நானாகப் போட்டது, கணக்கு புரிவதற்காக.)

சாதாரண தோல் டாக்டர் நெட்வொர்க்கை விட்டு வெளியே வந்தால் அவரிடம் ஆட்கள் வருவது குறையும். அந்த பயமே அவரை உள்ளே வைத்திருக்கும். எமர்ஜென்சி டாக்டருக்கு அந்த பயம் இல்லை. நெஞ்சு வலியோடு ஸ்ட்ரெச்சரில் வருகிறவர், "டாக்டர், நீங்க எந்த நெட்வொர்க்?" என்றா கேட்பார்? ஆள் வந்துகொண்டே இருக்கும், நெட்வொர்க்கில் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

இதை மோப்பம் பிடித்தது பெரிய முதலீட்டு நிறுவனங்கள். ஆஸ்பத்திரிகளுக்கு எமர்ஜென்சி டாக்டர்களை அனுப்பும் கம்பெனிகளை வாங்க ஆரம்பித்தார்கள். 2017-ல் பிளாக்ஸ்டோன், டீம்ஹெல்த்தைச் சுமார் 610 கோடி டாலருக்கு வாங்கியது. அடுத்த வருடம் கே.கே.ஆர்., என்விஷனைக் கடனோடு சேர்த்து சுமார் 990 கோடிக்கு வாங்கியது. இதற்கிடையில் யேல் பல்கலைக்கழகத்தின் ஜாக் கூப்பரும் ஃபியோனா ஸ்காட் மார்ட்டனும் ஒரு பெரிய இன்சூரன்ஸ் கம்பெனியின் பில்களை அலசி 2016-ல் வெளியிட்டார்கள்: நெட்வொர்க்கில் இருக்கும் ஆஸ்பத்திரியின் எமர்ஜென்சிக்குப் போனவர்களில் 22 சதவீதம் பேரை, நெட்வொர்க்கில் இல்லாத டாக்டர் பார்த்திருக்கிறார். அடுத்து வந்த ஆய்வு இன்னும் கூர்மையானது. இது எல்லா ஆஸ்பத்திரியிலும் பரவலாக நடக்கவில்லை. பெரும்பாலானவற்றில் அபூர்வம், ஒரு சிறு கூட்டத்தில் மட்டும் மிக அதிகம். என்விஷனின் கிளையான எம்கேர் ஓர் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் அங்கே விகிதம் சட்டென்று ஏறியது என்றும் காட்டினார்கள். கம்பெனி அந்த ஆய்வை ஏற்கவில்லை.

இன்சூரன்ஸ் கம்பெனிகள் ஒன்றும் பாவப்பட்டவர்கள் இல்லை. நெட்வொர்க்கை எவ்வளவு சுருக்க முடியுமோ அவ்வளவு சுருக்கி, அதை மலிவு என்று விற்றவர்கள் அவர்கள். ஆனாலும் இந்தக் குறிப்பிட்ட ஓட்டையை யார் அதிகம் பெரிதாக்கினார்கள் என்று கேட்டால் என் விரல் முதலில் அந்த ஸ்டாஃபிங் கம்பெனிகள் பக்கம்தான் போகும்.

மாநிலங்கள் முயற்சி செய்யாமல் இல்லை. நியூயார்க் 2014-லேயே நல்ல சட்டம் போட்டது. ஆனால் 1974-ன் 'எரிசா' என்ற மத்திய சட்டப்படி, தொழிலாளிகளின் மருத்துவச் செலவைத் தானே ஏற்கும் கம்பெனிகளின் திட்டங்களை மாநிலம் தொட முடியாது. கம்பெனி இன்சூரன்ஸ் உள்ளவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அந்த வகை. ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் விஷயம் இன்னும் வேடிக்கை. விமானக் கட்டணத்தைக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்த 1978 சட்டப்படி அதுவும் ஒரு விமான கம்பெனி. டிக்கெட் விலையில் மாநிலம் தலையிடக்கூடாது என்று போட்ட விதி, மூச்சுத் திணறும் நோயாளியைத் தூக்கிப்போகும் ஹெலிகாப்டருக்கும் கவசமாகிவிட்டது.

2019-ல் வாஷிங்டனில் சட்டம் நெருங்கியது. உடனே டிவியில் விளம்பரங்கள் கொட்டின: இந்தச் சட்டம் வந்தால் ஆஸ்பத்திரிகள் மூடப்படும், டாக்டர் இருக்க மாட்டார் என்று. போட்டது 'டாக்டர் பேஷன்ட் யூனிட்டி' என்ற அமைப்பு. டாக்டரும் நோயாளியும் கைகோத்திருப்பதாகப் பெயர். 2.8 கோடி டாலருக்கு மேல் செலவழித்த அந்த அமைப்புக்குப் பணம் கொடுத்த பெரிய கைகள் டீம்ஹெல்த்தும் என்விஷனும் என்று செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. டிசம்பரில் கைகூடும்போல இருந்த ஒப்பந்தமும் கலைந்தது.

கடைசியில் 2020 டிசம்பர் 27-ல், கொரோனா நிவாரணத்தோடு சேர்த்துக் கட்டிய ஒரு மாபெரும் செலவு மசோதாவுக்குள் 'நோ சர்ப்ரைசஸ் ஆக்ட்' நுழைந்து சட்டமானது. 2022 ஜனவரி 1 முதல் அமல். எமர்ஜென்சியிலும், நெட்வொர்க் ஆஸ்பத்திரிக்குள் நீங்கள் தேர்ந்தெடுக்காத டாக்டர்களிடமும், உள்ளே இருப்பவருக்கு என்ன பங்கு கட்டுவீர்களோ அதை மட்டும் கட்டினால் போதும். மிச்சத்தை டாக்டரும் இன்சூரன்ஸும் ஒரு நடுவர் முன் அடித்துக்கொள்ள வேண்டியது. வருடத்துக்குச் சில பத்தாயிரம் வழக்கு வரும் என்று அரசு நினைத்தது, லட்சக்கணக்கில் வந்தது. பெரும்பாலும் டாக்டர் பக்கமே ஜெயிக்கிறது. அந்தச் செலவு திரும்ப பிரீமியத்தில் ஏறும் என்பது வேறு கதை. என்விஷன் 2023 மே மாதம் திவால் மனு போட்டது.

சட்டத்தில் ஹெலிகாப்டரைச் சேர்த்தார்கள். ரோட்டில் ஓடும் ஆம்புலன்ஸைச் சேர்க்கவில்லை. அதற்கும் ஒரு பழைய காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் ஆம்புலன்ஸ் என்பது ஒரே துறையாக வளரவே இல்லை. 1960-களில் ஏறக்குறைய பாதி ஆம்புலன்ஸ் சேவையை நடத்தியது சவ அடக்கம் செய்யும் கடைக்காரர்கள். நோயாளி படுத்துக்கொண்டு போகிற அளவுக்கு நீளமான வண்டி அவர்களிடம்தான் இருந்தது! பிறகு சில ஊர்களில் தீயணைப்புத் துறை எடுத்தது, சில ஊர்களில் மாவட்டம், சில இடங்களில் தனியார். ஒவ்வொரு ஊரும் தன் ரேட்டைத் தானே வைக்கிறது, அந்த வருமானத்தைப் பட்ஜெட்டில் எழுதி வைத்திருக்கிறது. அதில் கை வைக்க காங்கிரஸுக்குத் துணிச்சல் வரவில்லை. ஆராய ஒரு குழு போடச் சொன்னார்கள், குழுவும் உட்கார்ந்து பரிந்துரைகளைக் கொடுத்துவிட்டது. சில மாநிலங்கள் சொந்தமாகச் சட்டம் போட்டிருக்கின்றன. மற்ற இடங்களில் 911-ஐ அழைத்தால் எந்த வண்டி வரும், அது எந்த நெட்வொர்க் என்பது பில் வரும்போதுதான் தெரியும்.