காபிப் பாத்திரம் முதல் எங்கள் வீட்டுத் திண்ணை வரை

அம்மா கும்பகோணத்தில் தனியாக இருக்கிறார். நான் போபாலில், வங்கி வேலை. போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது ஆள் வைத்துத் திண்ணையில் ஒரு நெட்வொர்க் கேமரா மாட்டி, வீட்டு ரவுட்டரில் இணைத்துவிட்டு வந்தேன். அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "இதுல நீ மட்டும் பாப்பியா, இல்ல ஊரே பாக்குமாடா?"

பதில் தெரியவில்லை. நான் பி.காம். படித்தவன். ரயிலில் திரும்பும்போதுதான் இதன் பழைய கதையைத் தேடிப் படித்தேன்.

1991, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகம். 'ட்ரோஜன் ரூம்' என்ற அறைக்கு வெளியே ஒரே ஒரு காபி மெஷின். வேறு மாடிகளில் இருப்பவர்கள் இறங்கி வந்து பார்த்தால் பாத்திரம் காலி! (ஃபில்டரில் டிகாக்‌ஷன் இறங்கும்வரை காத்திருந்து பழகிய நமக்கு இதெல்லாம் ஒரு கஷ்டமா?) க்வென்டின் ஸ்டாஃபோர்ட்-ஃப்ரேசரும் பால் ஜார்டெட்ஸ்கியும் பாத்திரத்துக்கு எதிரே ஒரு கேமராவை வைத்து, அதை ஒரு கம்ப்யூட்டரில் இணைத்து, 128க்கு 128 புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைப் படத்தை உள் நெட்வொர்க்கில் விட்டார்கள். ஆய்வகத்து ஆட்கள் மட்டுமே பார்க்கலாம். 1993 நவம்பரில் இணையத்தில் ஏற்றியதும் ஊரே பார்த்தது. அம்மாவின் கேள்வி அங்கேயே வந்துவிட்டது, பாருங்கள்.

கம்ப்யூட்டர் துணையில்லாமல் நேராக நெட்வொர்க்கில் செருகும் கேமரா 1996இல் வந்தது: ஸ்வீடனின் ஆக்சிஸ் நிறுவனத்தின் நெட்ஐ 200. முழு அளவில் ஒரு படம் வர 17 விநாடி. அதற்குள் திருடன் சுவரேறிக் குதித்துப் போயே விடுவான்.

அதே 1996இல்தான் 192.168 என்று தொடங்கும் தனி முகவரிகளுக்கான விதியும் இன்றைய வடிவத்தில் வந்தது. எங்கள் கிளையின் இன்டர்காம் எண் மாதிரி. உள்ளே இருப்பவர் கூப்பிடலாம், வெளியிலிருந்து முடியாது. ரவுட்டரில் 'போர்ட்' திறந்துவிட்டால் அந்தக் காவல் போயிற்று. 2016இல் மிராய் என்ற நச்சு நிரல் செய்தது இதுதான். வெளியிலிருந்து எட்டக்கூடிய கேமராக்களிலும் ரவுட்டர்களிலும் அறுபத்துச் சொச்சம் ஆலைக் கடவுச்சொற்களைப் போட்டுப் பார்த்து உள்ளே புகுந்தது. அந்த அக்டோபர் 21 அன்று அந்தச் சாதனங்களை ஏவி டின் என்ற நிறுவனத்தைத் தாக்க, ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் எல்லாம் பலருக்குத் திறக்கவில்லை.

படித்ததும் பக்கத்து வீட்டுத் தம்பிக்குப் போன் போட்டு ரவுட்டரைப் பார்க்கச் சொன்னேன். போர்ட் திறந்திருந்தது. கடவுச்சொல், ஆலையில் வைத்தது அப்படியே. மூன்று நாள் அப்படி இருந்திருக்கிறது. காலையில் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு அம்மா உட்காரும் இடம் அது.

கடவுச்சொல்லை மாற்றி, போர்ட்டை மூடச் சொன்னேன். இப்போது படம் கேமராவின் மெமரி கார்டில் மட்டும் பதிவாகிறது. போபாலிலிருந்து என்னாலும் பார்க்க முடியாது. அம்மாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"அதனால என்ன, ராத்திரி எட்டு மணிக்குப் போன் பண்ணு" என்றார்.