திரும்பி வரும் எண்ணெய்: இந்திய மோட்டார் சைக்கிளில் வடிகட்டியின் கதை

எண்ணெய் வடிகட்டியின் வரலாற்றை வடிகட்டியிலிருந்து தொடங்கினால் பாதி கதை விடுபட்டுப்போகும். எண்ணெய் திரும்பி வரத் தொடங்கிய இடமே அதன் தொடக்கம். இருபதாம் நூற்றாண்டின் முதற் பகுதியில் ஓடிய மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் எண்ணெய் ஒருவழிப் பயணமே செய்தது. ஓட்டுநர் ஒரு கைப்பம்பை அவ்வப்போது அழுத்துவார். உள்ளே சென்ற எண்ணெய் உராயும் பகுதிகளை நனைத்து, சிறிது எரிந்து புகையாகி, மீதி சாலையில் சொட்டித் தீரும். ஒருமுறை பயன்பட்டுத் தொலையும் பொருளைத் தூய்மை செய்ய எவருக்கும் தேவை இருக்கவில்லை. அதே எண்ணெயை மீண்டும் மீண்டும் சுற்றவிடும் எஞ்சின்கள் வந்தபோதுதான், அது சுமந்து வரும் கரியும் இரும்புத் துகளும் கவலைக்குரியவை ஆயின.

அமெரிக்காவில் 1923இல் எர்னஸ்ட் ஸ்வீட்லாண்டும் ஜார்ஜ் கிரீன்ஹால்கும் கார்களுக்கான வடிகட்டியை உருவாக்கி, அதற்குப் ‘ப்யூரோலேட்டர்’ என்று பெயரிட்டனர். ‘ப்யூர்’, ‘ஆயில்’, ‘லேட்டர்’ என்னும் மூன்று சொற்களை நெருக்கிச் செய்த பெயர் அது. ‘பின்னரும் தூய எண்ணெய்’ என்ற வாக்குறுதியே பெயராயிற்று. திரும்பி வரும் எண்ணெய் என்ற கருத்து அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

இந்தியாவிற்கு இந்தக் கதை நேர்கோட்டில் வரவில்லை. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் கூட்டாகத் தொடங்கிய என்ஃபீல்ட் இந்தியா, திருவொற்றியூரில் புல்லட்டை உருவாக்கியது. அதன் வலப்பக்க டைமிங் கவருக்குள், கம்பளியை அழுத்திச் செய்த தடித்த துணி உருளை ஒன்று வடிகட்டியாக இருந்தது. அதைக் கழற்றிப் பெட்ரோலில் அலசி, வாஷரும் ஸ்பிரிங்கும் வரிசை மாறாமல் மீண்டும் மாட்டுவார்கள். துணி நைந்த பிறகே புதியது வாங்குவார்கள். மாட்டிய உடனே வண்டியை விரட்டவும் கூடாது. காலியான வடிகட்டி அறை நிறைந்த பிறகே கிராங்கின் பிக்-எண்ட் பேரிங்குக்கு எண்ணெய் சரிவரப் போய்ச் சேரும். மெக்கானிக்கின் பொறுமையும் அந்த அமைப்பின் ஓர் உறுப்பாகவே இருந்தது என்று சொல்லலாம்.

ஆனால் புல்லட்டைச் சுற்றிலும் ஓடிய வண்டிகள் வேறு இனம். மைசூரில் உருவான ஜாவாவும் எஸ்டியும், எஸ்கார்ட்ஸின் ராஜ்தூத்தும், 1985இல் வந்த ஆர்எக்ஸ் 100உம் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்கள். அவற்றில் எண்ணெய் பெட்ரோலோடு கலந்தே உள்ளே போய் எரிந்து வெளியேறும். கியர்ப்பெட்டிக்கு மட்டும் தனி எண்ணெய். கைப்பம்புக் காலத்தின் ஒருவழிப் பயணம் இந்தியச் சாலைகளில் வேறு வடிவில் பல பத்தாண்டுகள் நீடித்தது என்பதே இதன் பொருள். நீல நிறப் புகை அதன் தடயம். அந்த வண்டிகளையே பார்த்து வளர்ந்த பட்டறைகளில் எஞ்சின் எண்ணெயை வடிகட்டுதல் என்ற வேலைக்கே இடமில்லை.

1985இல் ஹீரோ ஹோண்டா சிடி 100 வந்தபோது சிறிய ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சின் பெருவழக்காகத் தொடங்கியது. 1996, 2000 ஆகிய ஆண்டுகளில் இறுகிய புகைக் கட்டுப்பாடுகள் டூ-ஸ்ட்ரோக்கை மெல்ல ஒதுக்கின. வியப்பு என்னவென்றால், எண்ணெய் சுற்றிவரும் இந்தப் புதிய வண்டியிலும் மாற்ற வேண்டிய வடிகட்டி இல்லை. கீழே ஒரு கம்பி வலை. கிராங்கின் முனையில் அதனோடு சேர்ந்து சுழலும் கிண்ணம் ஒன்று. சுழற்சியில் எண்ணெயைவிடக் கனமான துகள்கள் கிண்ணத்தின் ஓரச்சுவரில் ஒதுங்கிக் களிம்பாகப் படியும். தெளிந்த எண்ணெய் நடுவழியே கிராங்கிற்குள் செல்லும்.  காகிதமும் துணியும் வேண்டாத இந்த ஏற்பாடே மூன்றிலும் அறிவார்ந்தது எனலாம். ஆனால் களிம்பைச் சுரண்ட வலப்பக்கக் கவரைக் கழற்ற வேண்டும், கேஸ்கெட்டும் மாற்ற வேண்டும். ஆகவே எண்ணெயை மட்டும் மாற்றிவிட்டுக் கிண்ணத்தை மறந்துவிடும் பழக்கமும் பரவியது.

பிறகுதான் காகிதம். 2001இல் வந்த பல்சர், பின்னர் புல்லட்டின் கம்பளி உருளைக்கு விடைகொடுத்த ராயல் என்ஃபீல்டின் புதிய எஞ்சின்கள் எல்லாம் மடிப்புக் காகித வடிகட்டியைக் கொண்டவை. எஞ்சினைச் சிறிது சூடேற்றி எண்ணெயை வடித்தபின், கவரின் போல்ட்டுகளைக் கழற்றி, பழையதை உருவி, ஓ-ரிங்கைப் புதுப்பித்து, திசை பார்த்துச் செருகுவது சில நிமிட வேலை. திசை தவறினால் எண்ணெய் வழி அடைபட்டு எஞ்சினே இறுகிப்போகலாம். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கிளட்சும் கியரும் எஞ்சினின் எண்ணெயிலேயே ஊறுவதால், அவற்றின் தேய்மானமும் இந்தக் காகிதத்தின் தலையில்தான் விழுகிறது.

இம்மாற்றத்தை வினைச்சொற்களில் காணலாம். கம்பளிக்கு ‘அலசு’, கிண்ணத்திற்குச் ‘சுரண்டு’, காகிதத்திற்கு ‘மாற்று’. முதல் இரண்டிலும் பொருள் தங்குகிறது. மூன்றாவதில் அது போகிறது. எள்ளிலிருந்து பிறந்த ‘எண்ணெய்’ என்ற சொல் தமிழ்ப் பட்டறைக்குள் நுழைவதே இல்லை, அங்கே ‘ஆயில்’தான். வங்கத்திலும் இந்தி பேசும் பகுதிகளிலும் ஒரு நிறுவனத்தின் பெயரான ‘மொபில்’ எஞ்சின் எண்ணெய்க்கே பொதுச்சொல்லாகிவிட்டது. ‘வடிகட்டி’ பாடநூலிலும் சமையலறையிலும் வாழ்கிறது, பட்டறையில் ‘பில்டர்’. ‘வடிகட்டிய முட்டாள்’ என்னும் வசையில் மட்டும், வடித்தபின் எஞ்சுவதே சாரம் என்ற பழைய பார்வை தங்கியிருக்கிறது.

காகிதம் எஞ்சினுக்கு நல்லது என்பதில் ஐயமில்லை. அலசிய கம்பளியை அதற்கு ஈடாகச் சொல்வது பழமைப் பற்று மட்டுமே. சிக்கல் கழற்றியபின் தொடங்குகிறது. பயன்படுத்திய எண்ணெய் இந்தியச் சட்டத்தில் அபாயக் கழிவு. 2024 ஏப்ரல் 1 முதல் அதன் மறுசுழற்சிக்கு உற்பத்தியாளர்களையும் பொறுப்பாக்கும் விதிகள் நடைமுறைக்கு வந்துள்ளன. சட்டம் எட்டாத இடத்திலும் கறுத்த எண்ணெயை வாங்க ஆள் உண்டு. கட்டடங்களில் கான்கிரீட் ஒட்டாதிருக்க சென்ட்ரிங் பலகைக்குப் பூசுவோரும் அதை நாடுகின்றனர். எண்ணெய் ஊறிய காகித உருளையைக் கேட்டு எவரும் வருவதில்லை. அது சொட்டியபடியே பட்டறையின் குப்பைக் கூடைக்குப் போகிறது.