ராணியின் கோபமும் பிளேக்கும்

நம்மவர்கள் கூடி வாழும் மாதுங்கா உருவானதற்கு பிளேக்கும் ஒரு காரணம். ஊர் நெரிசலைக் குறைக்க 1898-ல் வந்த இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட்தான் பின்னாளில் தாதர், மாதுங்கா மனைகளைப் போட்டது. அந்த பிளேக்கோடு ஒரு வதந்தியும் வந்தது.

1896 செப்டம்பரில் மாண்ட்வியில் நோயைக் கண்டுபிடித்தவர் டாக்டர் வியேகாஸ். அடுத்த மாதம் யாரோ விக்டோரியா ராணி சிலைக்குத் தார் பூசிவிட்டார்கள். கிளம்பியது கதை: ராணிக்குக் கோபமாம், அதைத் தணிக்க ஆர்தர் ரோடு ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் கல்லீரலை எடுக்கிறார்களாம்! அக்டோபர் 29 அன்று சுமார் ஆயிரம் மில் தொழிலாளர்கள் ஆஸ்பத்திரியைத் தாக்கினார்கள்.

படிக்காத கூட்டம் என்று சொல்லிவிடலாம். ஆனால் அவர்கள் கண்ணால் பார்த்தது என்ன? நோயாளியை வீட்டிலிருந்து பலவந்தமாகக் கொண்டுபோனார்கள். போனவர்களில் பலர் உயிரோடு திரும்பவில்லை. காரணமே புரியாத சாவைவிட, வில்லன் இருக்கிற சாவை மனசு சீக்கிரம் ஏற்றுக்கொள்கிறது.

2021-ல் தடுப்பூசி பற்றியும் வாட்ஸ்அப்பில் விதவிதமாகக் கதைகள் வந்தன. அனுப்பிய பெரியப்பாவைக் கேலி செய்யுமுன், அவருக்கு என்ன பயம் என்று கேளுங்கள். புள்ளிவிவரத்தை அப்புறம் காட்டலாம்.