கழட்டுறதா, காப்பாத்துறதா? ஒரு கொடுப்புப் பல்லின் வரலாறு

போன மாதம் எங்களில் ஒருத்திக்குக் கொடுப்புப் பல்லுக் கொதி. இரவில நித்திரை இல்லை. அம்மம்மா கராம்பு ஒன்றைக் கையில குடுத்துச் சொன்னா: “அது பூச்சிப் பல்லுப் பிள்ளை. கழட்டிப்போட்டு வா, பிறகு கரைச்சல் இல்லை.” வட்ஸ்அப்பில வந்த வீடியோ ஒன்று, ரூட் கெனால் செய்தால் புற்றுநோய் வரும் என்றது. உட்துறைமுக வீதிப் பக்கம் போய்க் காட்டின பல் டொக்டர், “இந்தப் பல்லைக் காப்பாத்தலாம்” என்றார். மூன்று பேரும் மூன்று வேற காலத்தில நின்று கதைச்ச மாதிரி இருந்தது. தேடிப் பார்த்தோம். உண்மையாவே அப்படித்தான்.

முதலில் பூச்சி. பல்லைப் புழு தின்னுது என்ற நம்பிக்கை பழைய பாபிலோனியாவிலேயே இருந்தது. எங்கட ஆட்கள் கண்டங்கத்தரி விதையை நெருப்பில போட்டு, அந்தப் புகையை வாயில பிடிப்பார்கள். ஐரோப்பாவில் அதே குடும்பத்தைச் சேர்ந்த ஹென்பேன் என்ற செடியின் விதை. சூட்டில் விதை வெடித்து வெளியே வரும் முளையைப் பார்த்து, “புழு விழுந்திட்டுது” என்று நம்பினார்கள். 1728இல் பிரெஞ்சுப் பல் வைத்தியர் பியர் ஃபோஷார், தான் தேடியும் அப்படி ஒரு புழுவைக் காணவில்லை என்று தன் நூலில் எழுதினார். ஆனால் சொல் சாகவில்லை. எங்கட வீடுகளில் அது இன்னும் ‘பூச்சிப் பல்லு’தான்.

பல்லுக்குள்ளே நரம்பும் இரத்தக் குழாயும் உள்ள மென்மையான சதை இருக்கு. அது அழுகினால் அதை எடுத்து, வேரின் உட்குழாயைச் சுத்தம் செய்து அடைப்பதுதான் ரூட் கெனால். 1838இல் எட்வர்ட் மேனார்ட் என்ற அமெரிக்கர் கடிகாரச் சுருள்கம்பியை அராவி, வேருக்குள் நுழையும் மெல்லிய கருவியைச் செய்தார். 1867இல் பவ்மன் என்பவர் குழாயை அடைக்கக் கட்டாபெர்ச்சா பாவித்தார். அது மலாய்க் காட்டு மரமொன்றின் பால். கடலுக்கடியில் போட்ட தந்திக் கம்பிகளுக்கும் அந்தக் காலத்தில் அதுதான் உறை. உப்புத் தண்ணியை உள்ளே விடாத சாமான் எச்சிலையும் விடாது. இன்றைக்கும் வேரை அடைக்க அதைத்தான் பாவிக்கிறார்கள்.

இனி வீடியோவின் கதை. 1910இல் வில்லியம் ஹண்டர் என்ற பிரித்தானிய வைத்தியர் மொன்றியலில் மக்கில் பல்கலைக்கழகத்தில் பேசினார். அழுகின வேர்களுக்கு மேல் தங்கத் தொப்பி போட்டு மூடுவதால் உடம்பெல்லாம் நோய் பரவுது என்றார். அதில் நியாயம் இருந்தது. அந்த நேரத்தில் எக்ஸ்ரே எல்லா இடத்திலும் இல்லை, சுத்தமும் குறைவு. ஆனால் பின்னால் வந்தவர்கள் எல்லையைத் தாண்டினார்கள். வெஸ்டன் பிரைஸ் என்ற அமெரிக்கப் பல் வைத்தியர், கழட்டின பற்களை முயல்களின் தோலுக்கடியில் வைத்து, முயல் நோய்ப்பட்டதைச் சாட்சியாகக் காட்டினார். நியூ ஜேர்சியில் ஹென்றி கொட்டன் என்பவர் மனநோய் தீர என்று நோயாளிகளின் பற்களைப் பிடுங்கினார். காப்பாத்தக்கூடிய எத்தனையோ பற்கள் அந்தக் காலத்தில் போயின.

பயமும் காசும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பிரித்தானியாவே உதாரணம். 1957 வரைக்கும் எங்கட துறைமுகத்தில் கடற்படைத் தளம் வைத்திருந்த நாடு. 1968இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வளர்ந்தவர்களில் நூற்றுக்கு 37 பேருக்குச் சொந்தப் பல்லு ஒன்றுகூட இல்லை.

பிரைஸின் சோதனைகளை மற்றவர்கள் திருப்பிச் செய்து பார்த்தபோது அவை நிற்கவில்லை. 1965இல் இன்னொரு சோதனை. கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளின் பல்லைத் துளைத்து விட்டார்கள். உள்ளிருந்த சதை தானே ஆறியது. சாதாரண எலிகளில் அது அழுகிச் சீழ் பிடித்தது. ஆகப் பிரச்சினை பல்லில்லை, கிருமி. கிருமியை எடுத்து, திரும்ப வராமல் அடைத்தால் பல்லு இருக்கலாம். பிரைஸின் பழைய கதையைத் திரும்பச் சொன்ன 2018ஆம் ஆண்டுப் படமொன்றை நெட்ஃப்ளிக்ஸ் 2019இல் தூக்கியது. வட்ஸ்அப் இன்னும் தூக்கவில்லை.

அப்ப எப்போது செய்ய வேணும், எப்போது தேவையில்லை? நாங்கள் விளங்கிக்கொண்டது இது. ஐஸ் தண்ணி குடிச்சால் சுள்ளென்று கூசி, சில செக்கனில் அடங்குது என்றால், அநேகமாக ஒரு அடைப்பே போதும். ரூட் கெனால் வேண்டாம். சூடோ குளிரோ பட்ட பிறகு கனநேரம் கொதிக்குது, சும்மா இருக்கேக்கயும் இரவில எழுப்புது, முரசில் சீழ்க்கட்டி வருது என்றால், உள்ளே சதை செத்துக்கொண்டிருக்கு, இல்லாட்டிச் செத்திட்டுது. அதுக்குத்தான் ரூட் கெனால்.

ஆனால் பல்லு வேர்வரை பிளந்திருந்தால், தொப்பி போடக்கூட மேலே பல்லு மிஞ்சாவிட்டால், முரசு நோயில் எலும்பு கரைந்து பல்லு ஆடினால், கழட்டுறதுதான் சரி. அந்த நிலையில் ரூட் கெனால் செய்யச் சொல்வது காசைக் கடலில போடுற மாதிரி. கொடுப்புப் பல்லுக்குச் செய்தால் அநேகமாகத் தொப்பியும் போட வேணும், இல்லாட்டி உடைஞ்சிடும். அந்தச் செலவையும் முதலிலேயே கேளுங்கோ. பார்மசியில் வாங்கும் அன்டிபயோட்டிக் செத்த சதைக்குள் போகாது. கொதி அடங்கினாலும் காரணம் உள்ளேயே இருக்கும். முகம் வீங்கி, காய்ச்சலோடு விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டமென்றால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேணும்.

இவ்வளவும் தெரிந்துகொண்டு அம்மம்மாவிடம் போனோம், அவவுக்குப் பாடம் எடுக்கலாம் என்ற நினைப்பில். அவவின்ட கீழ்த்தாடையில் ஒரு கொடுப்புப் பல்லும் இல்லை. ஏன் என்று அன்றைக்குத்தான் கேட்டோம்.

அவ மூதூர். லோஞ்ச்சில துறைமுகத்தைக் கடந்துதான் திருகோணமலைக்கு வர வேணும். சண்டைக் காலத்தில் லோஞ்ச் ஓடும் நாளும் உண்டு, ஓடாத நாளும் உண்டு. தரைவழியால வந்தால் கிண்ணியாவில் படகுப் பாதை. அங்கே பாலம் திறந்தது 2009இல்தான். “பல்லைக் கழட்ட ஒரு நாள் போதும். அரசாங்க ஆஸ்பத்திரியில் காசும் இல்லை. திரும்ப வா, திரும்ப வா என்றால் நான் எப்படிப் பிள்ளை வாறது?” என்று கேட்டா.

அதுக்கு எங்களிடம் பதில் இல்லை. அம்மம்மா கழட்டச் சொன்னது அறியாமையால் என்று நினைத்திருந்தோம். பூச்சி என்பது பழைய சொல், சரி. ஆனால் கழட்டுவது அவவின் காலத்தில் கணக்குப் பார்த்து எடுத்த முடிவு. பல்லின் நிலை அதைத் தீர்மானிக்கவில்லை. கடல், சோதனைச்சாவடி, பஸ் காசு தீர்மானித்தது. இன்றைக்கும் ரூட் கெனாலுக்கு நாலைந்து நாள் கூலியை விட ஏலாமல் நல்ல பல்லைக் கழட்டிவிட்டுப் போறவர்கள் எங்கட துறைமுகத்தடியில் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் ‘விழிப்புணர்வு’ என்று கதைக்க முதல் இதை யோசிக்க வேணும்.

எங்கட தோழியின் எக்ஸ்ரேயில் வேர் நல்லா இருந்தது. “எத்தனை தரம் போக வேணும்?” என்று அம்மம்மா கேட்டா. மூன்று தரம் என்றோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா.

“இப்ப பாதை திறந்துதானே கிடக்கு. போயிட்டு வா.”